ஊரைப் பிடியுங்கள், ஆட்டம் தேடி வரும்

உலகக் கோப்பைக்கோ யூரோ கோப்பைக்கோ நேரில் போவது என்று முடிவானதும் பெரும்பாலோர் முதலில் செய்வது, பிடித்த அணியின் ஆட்டங்களை நாட்காட்டியில் வட்டமிடுவதுதான். திங்கள் ஓர் ஊர், வெள்ளி இன்னோர் ஊர், அடுத்த புதன் வேறோர் ஊர் என்று ஒரு பட்டியல் தயாராகிவிடும். அந்தப் பட்டியலை ஓரமாக வைத்துவிடுங்கள் என்று சொல்லத்தான் இந்த அத்தியாயம். அணியைத் துரத்திப் போகாதீர்கள். மைதானங்கள் நெருங்கியிருக்கும் ஒரு வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே ஒரே அறையில் தங்குங்கள். அந்த வட்டாரத்துக்கு யார் ஆட வருகிறார்களோ அவர்களைப் பாருங்கள்.

பிடித்த அணியைப் பார்க்காமல் எதற்கு இவ்வளவு செலவு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் துரத்திப் போவதன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். குரூப் சுற்றில் ஓர் அணிக்கு 3 ஆட்டங்கள். மூன்றும் வெவ்வேறு ஊர்களில் இருந்தால் இரண்டு முறை அறை மாற வேண்டும், பெட்டியைக் கட்டி அவிழ்க்க வேண்டும், நடுவில் இரண்டு முழு நாட்கள் ரயிலிலோ விமானத்திலோ போய்விடும். 2026 உலகக் கோப்பைக்கு 3 நாடுகளில் 16 நகரங்கள். வான்கூவர் கண்டத்தின் ஒரு மூலை, மயாமி எதிர் மூலை. நாக்-அவுட் சுற்று வந்துவிட்டால் சிக்கல் இன்னும் கூடும். யூரோவில் 24 அணிகள், 6 குரூப்கள். முதல் இரண்டு இடங்களோடு, மூன்றாம் இடம் பிடித்தவற்றில் சிறந்த 4 அணிகளும் அடுத்த சுற்றுக்குப் போகும். அப்படி மூன்றாவதாக நுழையும் அணி அடுத்து எந்த ஊரில் ஆடும் என்பது சில நேரம் கடைசி குரூப் ஆட்டம் முடியும் இரவில்தான் தெரியும். 2024-ல் குரூப் சுற்று ஜூன் 26 இரவு முடிந்தது, அடுத்த சுற்று 29-ம் தேதி தொடங்கிவிட்டது. அந்த இடைவெளியில் ஒரே ரயிலுக்கும் ஒரே ஊரின் அறைகளுக்கும் பல்லாயிரம் பேர் ஒரே சமயத்தில் பாய்வார்கள். அதில் நீங்களும் ஒருவராக இருக்க வேண்டியதில்லை.

எஸ்ஸென் என்ற உதாரணம்

2024 யூரோ ஜெர்மனியில் 10 நகரங்களில் நடந்தது. மேற்கே ரைன், ரூர் ஆறுகளை ஒட்டிய தொழில் வட்டாரத்தில் மட்டும் நான்கு நகரங்கள்: டோர்ட்மண்ட், கெல்சென்கிர்ஹென், டியூசல்டார்ஃப், கொலோன். மொத்தமுள்ள 51 ஆட்டங்களில் 20 இந்த நான்கு ஊர்களில்தான். நான்குக்கும் நடுவில் இருக்கிறது எஸ்ஸென். அங்கே ஆட்டம் எதுவும் இல்லை. அதனால் அறைக்கான போட்டியும் குறைவு. எஸ்ஸென் ரயில் நிலையத்தில் ஏறினால் கெல்சென்கிர்ஹென் 10 நிமிடம், டோர்ட்மண்டும் டியூசல்டார்ஃபும் அரை மணி நேரம், கொலோன் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

ஜூன் 15 அன்று அங்கே போய் இறங்கிய ஒருவருக்கு என்னென்ன கிடைத்திருக்கும் என்று பாருங்கள். அன்று பிற்பகல் கொலோனில் ஹங்கேரி - சுவிட்சர்லாந்து, இரவு டோர்ட்மண்டில் இத்தாலி - அல்பேனியா. மறுநாள் கெல்சென்கிர்ஹெனில் செர்பியா - இங்கிலாந்து. 17 அன்று டியூசல்டார்ஃபில் ஆஸ்திரியா - பிரான்ஸ். 18 அன்று டோர்ட்மண்டில் கொட்டும் மழையில் துருக்கி - ஜார்ஜியா. 20 அன்று ஸ்பெயின் - இத்தாலி. இப்படியே 26 வரை 12 நாட்களில் 14 ஆட்டங்கள். 23-ம் தேதி ஒன்றுதான் ஆட்டம் இல்லாத நாள்.

இந்தப் பட்டியலில் என் மனம் நிற்பது ஜார்ஜியாவிடம். அவர்களுக்கு அதுதான் முதல் பெரிய தொடர். வந்திருந்த 24 அணிகளில் ஃபிஃபா தரவரிசையில் அவர்களே கடைசி. 18-ம் தேதி துருக்கியிடம் 3-1 என்று தோற்றார்கள். ஆர்தா குலெர் தொலைவிலிருந்து வளைத்து அடித்த அந்தக் கோல் விழுந்தது அந்த ஆட்டத்தில்தான். எட்டு நாள் கழித்து கெல்சென்கிர்ஹெனில் போர்ச்சுகலோடு மோதினார்கள். இரண்டாம் நிமிடத்திலேயே குவாரட்ஸ்கெலியா கோல் போட்டார், இரண்டாம் பாதியில் மிக்காவுதாட்சே பெனால்டியை உள்ளே தள்ளினார். 2-0. ரொனால்டோ நின்ற மைதானத்தில் ஜார்ஜியா நாக்-அவுட்டுக்குள் நுழைந்தது. நான்கு நாள் கழித்து கொலோனில் ஸ்பெயினிடம் 4-1 என்று தோற்று விடைபெற்றார்கள். எஸ்ஸெனில் தங்கிய ரசிகருக்கு இந்தக் கதையின் தொடக்கமும் உச்சமும் முடிவும் ஒரு மணி நேரத் தொலைவுக்குள் நடந்தன. 'ஜார்ஜியாவைப் பார்க்கப் போகிறேன்' என்று நம்மில் யாரும் ஊரிலிருந்து கிளம்ப மாட்டோம். ஒரு வட்டாரத்தில் தங்கியவருக்கு மட்டுமே இப்படி ஓர் அணி கண்ணெதிரே வளர்ந்து காட்டும்.

இந்த வட்டாரத்தில் தமிழருக்கு இன்னொரு வசதியும் உண்டு. இலங்கைப் போரின்போது வந்து குடியேறிய தமிழர்கள் ரூர் பகுதி ஊர்களில் பரவலாக வாழ்கிறார்கள். டோர்ட்மண்டிலிருந்து ரயிலில் எளிதாகப் போய்விடக்கூடிய ஹாம் நகரில், 2002-ல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்பாள் கோயில் முழுக் கோபுரத்தோடு நிற்கிறது. கோடையில் தேரோட்டம். ஆட்டம் இல்லாத நாளை அங்கே கழிக்கலாம்.

வட்டாரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது

எந்தத் தொடரானாலும் நாடுகள் குரூப்களாகப் பிரிக்கப்படும் முன்பே எந்தத் தேதியில் எந்த ஊரில் ஆட்டம் என்ற அட்டவணை வந்துவிடும். அணிப் பெயர்கள்தான் இராது. அந்த அட்டவணையையும் ரயில் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய மூன்று நான்கு மைதானங்கள் ஓரிடத்தில் கொத்தாகத் தெரியும். அதன் நடுவில் ஆட்டம் நடக்காத ஓர் ஊரைத் தேடுங்கள். அறையை ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் எடுங்கள். நள்ளிரவு ஒரு மணிக்குத் திரும்பி வரும்போது இதன் அருமை தெரியும். ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாக, அட்டவணை வந்த வாரத்திலேயே பதிவு செய்துவிடுங்கள்.

2028 யூரோ பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 9 மைதானங்களில் நடக்க இருக்கிறது. லண்டனில் வெம்ப்ளி, டாட்டன்ஹாம் என இரண்டு. அங்கிருந்து கார்டிஃப் ரயிலில் ஏறக்குறைய 2 மணி நேரம். வடமேற்கே மான்செஸ்டரும் லிவர்பூலும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும், பர்மிங்ஹாமும் எட்டும் தூரம்தான். என்னைக் கேட்டால் லண்டனை விட்டுவிட்டு மான்செஸ்டர் பக்கம் போகச் சொல்வேன். லண்டன் அறை வாடகை எந்த மாதத்திலும் பர்ஸைக் கடிக்கும்.

இந்த முறையின் உச்சம் 2022-ல் கத்தார். 8 மைதானங்களும் தோஹாவிலும் சுற்றியும்தான். மெட்ரோவில் போய் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் பார்த்தவர்கள் பலர். அவ்வளவு சின்ன வட்டத்துக்குள் இன்னோர் உலகக் கோப்பை எளிதில் வராது. 2030-ல் மொராக்கோ, ஸ்பெயின், போர்ச்சுகல் மூன்றும் சேர்ந்து நடத்துகின்றன. தொடக்க ஆட்டங்களில் மூன்று தென் அமெரிக்காவில். அங்கெல்லாம் வட்டாரம் பிடிக்கத் தெரியாதவர் கையில் பணம் நிற்காது.

டிக்கெட்

இதில் அவசரப்படுகிறவர்தான் ஏமாறுவார். முதல் விற்பனை பெரும்பாலும் குலுக்கல் முறை. விண்ணப்பிக்க வாரக்கணக்கில் நேரம் தருவார்கள். முதல் நாள் காலை விண்ணப்பித்தவருக்கும் கடைசி நாள் மாலை விண்ணப்பித்தவருக்கும் வாய்ப்பு ஒன்றுதான். 2024 யூரோவின் முதல் குலுக்கலுக்கு 2023 அக்டோபரில் விண்ணப்பம் வாங்கினார்கள். அணிகளைக் குரூப்களாகப் பிரித்ததோ டிசம்பர் 2-ம் தேதி. அதாவது அக்டோபரில் விண்ணப்பித்தவர்களுக்கு ஊரும் தேதியும்தான் தெரியும், யார் ஆடப்போகிறார்கள் என்பது தெரியாது. துரத்திப் போகிறவர்களுக்கு இது தலைவலி. வட்டாரத்தில் தங்குகிற உங்களுக்கு இதுதான் நல்ல காலம். அந்த முதல் சுற்றில் 12 லட்சம் டிக்கெட்டுகளுக்கு 2 கோடிக்கும் மேல் கோரிக்கைகள் குவிந்தன. எனவே ஒரே ஆட்டத்துக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். உங்கள் வட்டாரத்தில் உள்ள பல ஆட்டங்களுக்கு, மலிவான வகுப்பிலும் நடு வகுப்பிலும் கலந்து விண்ணப்பியுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: குலுக்கலில் விழுந்ததும் கார்டிலிருந்து பணம் தானாகவே எடுக்கப்படும். எல்லாமே விழுந்தாலும் கட்ட முடிகிற அளவுக்கு மட்டும் விண்ணப்பியுங்கள். இந்திய வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முன்பே திறந்திருக்காது. வங்கிச் செயலியில் நீங்கள்தான் திறந்து, உச்சவரம்பையும் உயர்த்தி வைக்க வேண்டும். இதை மறந்து, விழுந்த டிக்கெட் கைநழுவிப் போனால் அந்த வேதனை பெரிது.

விலை தொடருக்குத் தொடர் மாறும். 2024 யூரோவில் குரூப் ஆட்டத்துக்கு மிகக் குறைந்த டிக்கெட் 30 யூரோ, மேல் வகுப்பு 200 யூரோ. இறுதிப் போட்டி 95-ல் தொடங்கி 1,000 வரை. கத்தாரில் வெளிநாட்டவருக்கான குரூப் ஆட்ட டிக்கெட் 250 ரியாலில் தொடங்கியது. 40 ரியால் டிக்கெட் அங்கே குடியிருப்போருக்கு மட்டும். 2026-க்கு ஃபிஃபா தேவைக்கேற்ப விலையை ஏற்றி இறக்கும் முறையைக் கொண்டுவந்தது. ரசிகர்களுக்கு இது பெரும் அநீதி என்றே நினைக்கிறேன். தொழிலாளிகள் வளர்த்த விளையாட்டின் மிகப்பெரிய விழாவைத் தொழிலாளி எட்டிப் பார்க்க முடியாத இடத்துக்குத் தள்ளிவிடும் வேலை இது.

குலுக்கலில் எதுவும் விழவில்லையா? சோர்ந்துவிடாதீர்கள். அதிகாரபூர்வ மறுவிற்பனைப் பக்கம் கடைசி வாரங்களில் திறந்திருக்கும். அணி தோற்று வெளியேறியதும் அதன் ரசிகர்கள் டிக்கெட்டுகளை அங்கேதான் கொண்டுவந்து போடுவார்கள். ஆட்டத்துக்கு முந்தைய இரவும் அன்று காலையும் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். எஸ்ஸெனில் இருப்பவர் மாலை ஆட்டத்துக்குக் காலையில் டிக்கெட் வாங்கினாலும் நேரத்துக்குப் போய்விடலாம். வேறு மாநிலத்தில் இருப்பவர் வாங்கி என்ன செய்வார்? மைதான வாசலில் கைமாறும் டிக்கெட்டையும், யாரோ அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டையும் தொடவே தொடாதீர்கள். இப்போது டிக்கெட் என்பது செயலிக்குள் இருக்கும் குறியீடு. யூரோவில் மைதானத்தை நெருங்கி, ப்ளூடூத்தை இயக்கினால்தான் அது உயிர் பெறும். நகல் எடுத்துப் பயனில்லை.

விசா

டிக்கெட் இருந்தால் விசா கிடைத்துவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். ரஷ்யா 2018-ல் ரசிகர் அடையாள அட்டை இருந்தால் விசாவே வேண்டாம் என்றது, போட்டி நகரங்களுக்கு இடையே இலவச ரயிலும் விட்டது. கத்தாரில் ஹய்யா அட்டையே நுழைவு அனுமதி. அவை விதிவிலக்குகள். ஜெர்மனிக்கு வழக்கமான ஷெங்கன் விசாதான். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். கோடையில் விசா மையத்தில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு என்பதால், டிக்கெட் விழுந்த மறுநாளே நேரம் பதிவு செய்யுங்கள். ஒரே வட்டாரம், ஒரே அறை, கையில் டிக்கெட்டுகள் என்று பயணத்திட்டம் தெளிவாக இருந்தால் விண்ணப்பமும் நேராக நிற்கும்.

எல்லை தாண்டும் தொடர்களில் 'எத்தனை முறை நுழையலாம்' என்பதை விசாவில் பாருங்கள். பிரிட்டனுக்கு ஒரு விசா, அயர்லாந்துக்கு வேறு விசா. இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கும் இந்தியருக்கு இரண்டிலும் செல்லுபடியாகும் ஒரு திட்டம் உண்டு. ஆனால் விசாவில் அதற்கான குறி இருக்க வேண்டும், கொடுத்த நாட்டுக்குள்தான் முதலில் நுழைய வேண்டும். அமெரிக்க விசா வைத்திருப்பவரை மெக்சிகோ தனி விசா இல்லாமல் அனுமதிக்கிறது, கனடா அனுமதிப்பதில்லை. ஷெங்கனுக்குள் எல்லைச் சோதனை இராது என்பதும் தொடர் நாட்களில் பொய்யாகும். 2024-ல் ஜெர்மனி எல்லா எல்லைகளிலும் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்தது. பாஸ்போர்ட் எப்போதும் உடம்போடு இருக்கட்டும்.

ஆட்ட நாள்

மைதானத்தின் பெயரை நம்பி வரைபடத்தில் தேடினால் குழப்பம் வரும். போட்டி அமைப்புகள் விளம்பரப் பெயர்களை ஏற்பதில்லை. மியூனிக்கின் அலியான்ஸ் அரீனா யூரோவில் மியூனிக் கால்பந்து அரங்கம் ஆனது. 2026-ல் நியூயார்க் நியூஜெர்சி அரங்கம் என்று அழைக்கப்படுவது மெட்லைஃப்; அது இருப்பது நியூயார்க் நகரில் கூட இல்லை, நியூஜெர்சியின் ஈஸ்ட் ரூதர்ஃபோர்டில். பாஸ்டன் மைதானம் ஃபாக்ஸ்பரோவில், டல்லாஸ் மைதானம் ஆர்லிங்டனில். இரண்டு பெயரையும், அருகிலுள்ள நிலையத்தின் பெயரையும் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள்.

போவதைவிடத் திரும்புவதுதான் கடினம். 2024 யூரோவில் ஜெர்மனியில் இரவு ஆட்டம் 9 மணிக்கு. வழக்கமாக முடிந்தால் 11. கூடுதல் நேரமும் பெனால்டியும் வந்தால் நள்ளிரவு. செர்பியா - இங்கிலாந்து ஆட்டம் முடிந்த இரவு கெல்சென்கிர்ஹெனில் டிராமுக்கும் ரயிலுக்கும் ரசிகர்கள் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். மைதானத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் ஒரே டிராம் தடம், ஒரே சமயத்தில் பல்லாயிரம் பேர், வேறென்ன நடக்கும்? எனக்குத் தெரிந்த வழி இரண்டு. விசில் ஊதிய பிறகு அரை மணி நேரம் இருக்கையிலேயே அமர்ந்திருப்பது ஒன்று. முதல் நிறுத்தத்தை விட்டுவிட்டு இரண்டு மூன்று நிறுத்தம் தள்ளி நடந்து ஏறுவது இன்னொன்று. கடைசி ரயிலின் நேரத்தைக் காலையிலேயே பார்த்து வையுங்கள். அதற்கு முந்தைய ரயிலைக் குறி வையுங்கள்.

ஜெர்மன் ரயில்கள் நொடி பிசகாது என்ற நம்பிக்கையை அந்தத் தொடர் உடைத்துவிட்டது. தொடரின் இயக்குநராக இருந்த பிலிப் லாம் கூட ரயில் தாமதத்தால் டியூசல்டார்ஃபில் நடந்த ஸ்லோவாக்கியா - உக்ரைன் ஆட்டத்துக்கு, ஆட்டம் தொடங்கிய பிறகுதான் வந்து சேர்ந்தார். நெதர்லாந்து அணி அரையிறுதிக்கு டோர்ட்மண்டுக்கு ரயிலில் வர முடியாமல் விமானம் ஏறியது. தொலைதூர ரயில்கள்தான் இப்படிக் காலை வாரின. உள்ளூர் ரயில் ஒன்று தவறினால் அடுத்தது சிறிது நேரத்தில் வந்துவிடும். வட்டாரத்துக்குள் தங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆட்ட டிக்கெட் வைத்திருந்தவர்களுக்கு உள்ளூர்ப் போக்குவரத்து அன்று காலை 6 முதல் மறுநாள் மாலை 6 வரை, 36 மணி நேரம் இலவசமாகவும் இருந்தது. இத்தகைய சலுகை எந்தத் தொடரில் என்ன என்று டிக்கெட் வாங்கும்போதே படித்துவிடுங்கள்.

பை ஏ4 தாளின் அளவைத் தாண்டக் கூடாது என்பது யூரோவின் விதி. அமெரிக்க மைதானங்களில் பை கண்ணாடி போல ஊடுருவித் தெரிய வேண்டும். குடையை நம்பாமல் மடித்து வைக்கும் மழைச்சட்டை எடுங்கள். 2024-ல் ஜெர்மனி - டென்மார்க் ஆட்டம் இடி மின்னலால் 20 நிமிடங்களுக்கு மேல் நின்றது. பவர்பேங்க் கட்டாயம், போன் அணைந்தால் டிக்கெட்டும் அணையும். நான்கு பேர் போகிறீர்கள் என்றால் நான்கு டிக்கெட்டையும் ஒருவர் போனில் வைக்காமல் அவரவர் போனுக்கு முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

கூட்டத்தில்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். கால்பந்துத் தொடரில் உயிருக்கு ஆபத்து வரும் இடம் பெரும்பாலும் மைதானத்தின் உள்ளே இல்லை, வாசலில்தான். 2022 ஜனவரி 24 அன்று கேமரூனின் யாவுண்டேயில், ஆப்பிரிக்கக் கோப்பை ஆட்டத்துக்கு வந்த ரசிகர்கள் மூடியிருந்த ஒரு வாயிலில் நெரிந்து 8 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு மே மாதம் பாரிஸில் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி 36 நிமிடம் தாமதமானது. டிக்கெட்டோடு வரிசையில் நின்றவர்கள் மீது போலீஸ் கண்ணீர்ப்புகை அடித்தது. முதலில் ரசிகர்கள்மேல்தான் பழி போட்டார்கள். பிறகு நடந்த சுயாதீன விசாரணை முதன்மைப் பொறுப்பு போட்டியை நடத்திய யூஃபாவுடையது என்றது. 2024 ஜூலையில் மயாமியில் கோபா அமெரிக்கா இறுதிப் போட்டிக்கு டிக்கெட் இல்லாதவர்கள் வாயில்களை உடைத்து நுழைய, ஆட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனது. டிக்கெட் வைத்திருந்த பலர் வெளியிலேயே நிற்க நேர்ந்தது.

எனவே முடிந்தால் வாயில் திறக்கும் நேரத்துக்கே போய் நில்லுங்கள். அது வழக்கமாக ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு. சாதாரண குரூப் ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் போதும், நாக்-அவுட்டுக்கு மூன்றும் வேண்டும். வரிசை நகராமல் பின்னாலிருந்து அழுத்தம் மட்டும் கூடுகிறது, கைகளை உயர்த்த முடியவில்லை என்றால் அது கெட்ட அறிகுறி. உடனே பக்கவாட்டில் விலகி வெளியேறுங்கள். குறுக்காக, ஓரத்தை நோக்கி நகர்வதே வழி. எதிர்த்துத் தள்ளினால் விழுவீர்கள். கைகளை மார்புக்கு முன்னே மடித்து மூச்சுக்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையோடு போகிறவர்கள் வாயிலில் கூட்டம் நெருக்கினால் முதல் பத்து நிமிட ஆட்டத்தை விட்டுக்கொடுங்கள். பிரிந்துவிட்டால் சந்திக்கும் இடத்தை, மைதானத்துக்கு வெளியே, ரயில் நிலையத்தின் எதிர்த் திசையில், முன்பே முடிவு செய்யுங்கள். போன் வேலை செய்யாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். லட்சம் பேர் கூடும் இடத்தில் சிக்னல் முதலில் போகும்.

உதவி தேவைப்பட்டால் ரசிகர் தூதரகம் என்று ஒன்று உண்டு. ஐரோப்பிய ரசிகர் அமைப்புகள் சேர்ந்து போட்டி நகரங்களில் நடத்தும் சேவை அது. பாஸ்போர்ட் தொலைந்தது, அறை கிடைக்கவில்லை, போலீஸோடு பிரச்சினை எதுவானாலும் ரசிகர்களே ரசிகர்களுக்கு வழி சொல்வார்கள். இருக்கும் இடத்தை முதல் நாளே பார்த்து வையுங்கள்.

யாருக்காகக் கத்துவது

கோல் கம்பங்களுக்குப் பின்னால் உள்ள பகுதிகள் பெரும்பாலும் இரு அணிகளின் சொந்த ரசிகர்களுக்கு ஒதுக்கப்பட்டவை. பொது விற்பனையில் உங்களுக்குக் கிடைப்பது பக்கவாட்டு இருக்கை. அங்கே யார் ஜெர்சியும் போடலாம். தவறி எதிரணி ரசிகர்களின் நடுவே இடம் விழுந்தால் ஜெர்சியைப் பையில் வைத்துவிடுங்கள்.

'உனக்கும் ஜார்ஜியாவுக்கும் என்ன சம்பந்தம்?' என்று யாராவது கேட்பார்கள். 2022-ல் தோஹாவில் அர்ஜென்டினா, பிரேசில், இங்கிலாந்து ஜெர்சிகளோடு ஊர்வலம் போன கேரள ரசிகர்களைப் பார்த்து, இவர்கள் காசுக்குக் கத்தும் போலி ரசிகர்கள் என்று வெளிநாட்டு ஊடகங்களில் எழுதினார்கள். அவர்களில் பலர் அந்த நகரத்திலேயே வேலை பார்த்து வாழ்கிறவர்கள். வியாசர்பாடியிலும் தூத்தூரிலும் மலப்புறத்திலும் விடிய விடிய விழித்திருந்து இந்த ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு யாருடைய சான்றிதழும் தேவையில்லை. கூச்சப்படாமல் ஓர் அணியைத் தேர்ந்தெடுங்கள். அவர்களுடைய பாட்டில் இரண்டு வரியைக் கற்றுக்கொள்ளுங்கள். நெதர்லாந்து ரசிகர்கள் ஆட்ட நாளில் ஆரஞ்சுப் பேருந்தின் பின்னால் ஊர்வலமாக, இடமும் வலமுமாகக் குதித்துக்கொண்டே மைதானத்துக்கு நடப்பார்கள். 2024-ல் ஹாம்பர்க்கிலும் டோர்ட்மண்டிலும் அதில் எல்லா நாட்டவரும் சேர்ந்து குதித்தார்கள். அதற்கு டிக்கெட்டே வேண்டாம். நகர மையத்தில் பெரிய திரை வைத்திருக்கும் ரசிகர் திடல்களும் அப்படித்தான். 2024-ல் ஜெர்மனியில் அனுமதி இலவசம். ஐந்து ஆட்டம் மைதானத்தில், மற்றவை திடலில் என்று வைத்துக்கொண்டால் உடம்பும் தாங்கும், கையும் தாங்கும்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். ரூர் பகுதியில் துருக்கியர் கடை இல்லாத தெரு அரிது. சைவருக்கு ஃபலாஃபெல் எங்கும் கிடைக்கும். ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும், ரயில் நிலையக் கடைகள் மட்டும் திறந்திருக்கும். தண்ணீர் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் பிடிப்பார்கள், காலி பாட்டிலைக் கடை இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். வேண்டாமென்றால் குப்பைத்தொட்டிக்குள் எறியாமல் பக்கத்தில் நிறுத்தி வையுங்கள். பாட்டில் பொறுக்கிப் பிழைக்கும் முதியவர்கள் எடுத்துப் போவார்கள். அங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

எப்போது போவது, எப்போது திரும்புவது

இறுதிப் போட்டிக்காகக் காத்திருக்காதீர்கள். 2024 யூரோவின் 51 ஆட்டங்களில் 36 முதல் 13 நாட்களில் முடிந்தன. அந்த நாட்களில்தான் எல்லா அணிகளின் ரசிகர்களும் ஊரில் இருப்பார்கள், டிக்கெட் விலை தாழ்ந்திருக்கும், தோற்ற அணிக்கும் அடுத்த ஆட்டம் இருக்கும். தொடக்க நாளுக்கு ஒரு நாள் முன்பு போய் இறங்குங்கள். குரூப் சுற்று முடிந்து, உங்கள் வட்டாரத்தில் ஒரு நாக்-அவுட் ஆட்டமும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். காலிறுதிக்குப் பிறகு ஆட்டங்கள் குறைந்து, விலை ஏறி, ஊர் காலியாகும்.

முதல் பயணத்துக்கு ஆண்கள் தொடரை விடப் பெண்கள் தொடர் நல்லது என்பேன். 2025-ல் சுவிட்சர்லாந்தில் நடந்த பெண்கள் யூரோவுக்கு 8 நகரங்கள். எல்லாமே ரயிலில் எட்டும் தூரம், ஆட்ட டிக்கெட்டோடு ரயில் பயணமும் சேர்ந்தே வந்தது. குடும்பம் குடும்பமாக வந்தார்கள், டிக்கெட்டுக்கு இவ்வளவு அடிதடி இல்லை. பாசலில் நடந்த இறுதிப் போட்டியில் ஸ்பெயினை பெனால்டியில் வென்றது இங்கிலாந்து. ஆட்டத்தின் தரத்தில் ஒரு குறையும் இல்லை. அடுத்த பெண்கள் உலகக் கோப்பை 2027-ல் பிரேசிலில். தூரம் அதிகம், ஊர்களுக்கிடையே இடைவெளியும் அதிகம். அங்கேயும் ஒரு நகரத்தைப் பிடித்துக்கொண்டு குரூப் சுற்றை மட்டும் பாருங்கள்.

திரும்பும் விமானத்தை ஆட்டத்துக்கு மறுநாள் காலையில் போடாதீர்கள். ஒரு நாள் இடைவெளி விடுங்கள். கையில் மிஞ்சிய டிக்கெட் இருந்தால் மறுவிற்பனைப் பக்கம் மூடுவதற்கு முன் போட்டுவிடுங்கள். எங்கோ ஓர் அறையில் யாரோ அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பார்.